110, 230, ஓர் எர்த் கம்பி: ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தை வாசித்தல்

எந்த ஆம்ப்ளிஃபயரையும் நாம் முன்பக்கமிருந்தே பார்க்கப் பழகியிருக்கிறோம். குமிழ்கள், துணி போர்த்திய ஒலிபெருக்கி, நிறுவனத்தின் பெயர் எல்லாம் முன்னால்தான். பின்பக்கம், மின்கம்பி வெளியே வரும் துளைக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் தகடோ அச்சிட்ட வரியோ இருக்கும். பழைய அமெரிக்கப் பெட்டி என்றால் 117 வோல்ட், 60 சைக்கிள். ஜப்பானில் விற்றது என்றால் 100 வோல்ட். பிரிட்டிஷ் பெட்டி என்றால் 240. இசை பற்றி எழுதுகிறவர்கள் இந்த வரியை எலக்ட்ரீஷியனுக்கு விட்டுவிடுகிறார்கள். எலக்ட்ரீஷியனோ 'வேற ஊரு வோல்டேஜுங்க, டிரான்ஸ்ஃபார்மர் போட்டா சரியாப் போயிடும்' என்று முடித்துக்கொள்கிறார். பிரதியின் மௌனங்களைப் பற்றி இவ்வளவு பேசித் தீர்த்த நம் சூழலில், இந்த ஒற்றை வரியை ஒரு வரலாற்று ஆவணமாக யாரும் வாசித்ததாக எனக்குத் தெரியவில்லை. இக்கட்டுரை அதற்கான ஒரு முயற்சி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 110 என்பதும் 230 என்பதும் இயற்கை வகுத்த எண்களல்ல. நியூயார்க்கின் பேர்ள் தெருவில் எடிசனின் மின்நிலையம் 1882 செப்டம்பர் 4 அன்று இயங்கத் தொடங்கியபோது அது அனுப்பியது ஏறத்தாழ 110 வோல்ட் நேர்மின்சாரம். அன்றிருந்த கரி இழை பல்பு தாங்கியது 100 வோல்ட் சுமார். வழியில் கம்பி தின்றுபோவதற்கு இன்னொரு பத்து. பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இதுதான். அதாவது, ஒரு கரி இழையின் சகிப்புத்தன்மையும் செம்பின் விலையும் சேர்ந்து போட்ட எண் அது. பிறகு பல்புகள் விற்றாயிற்று, கம்பிகள் புதைத்தாயிற்று, மூலதனம் மண்ணுக்குள் போயிற்று. நேர்மின்சாரம் தோற்று மாறுமின்சாரம் வந்த பிறகும் எண் போகவில்லை. 110 மெல்ல மெல்ல 115, 117, 120 என்று ஊர்ந்ததே தவிர, தாண்டவில்லை. (அமெரிக்க வீட்டுக்குள்ளும் 240 வோல்ட் வருகிறது. அது அடுப்புக்கும் துணி உலர்த்தும் எந்திரத்துக்கும். விளக்குக்கும் கிட்டாருக்கும் இன்றும் எடிசன்தான்.)

பிந்தி வந்தவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். பெர்லினின் மின்நிறுவனம் 1899இல் 220க்கு மாறியது. ஒரே அளவு மின்திறனை இரண்டு மடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பாதியாகும். இழப்பின் விகிதம் மாறாதிருந்தால் போதும் என்றால் செம்பு கால் பங்கு போதும். வாடிக்கையாளர் வீட்டுக் கருவிகளை மாற்றித் தந்த செலவை இந்தச் செம்பு மிச்சத்திலேயே நிறுவனம் ஈடுகட்டிக்கொண்டது. ஆக ஐரோப்பாவின் 220, அமெரிக்காவின் 110 இரண்டுக்கும் பின்னால் நிற்பது பயனாளியின் பாதுகாப்பு பற்றிய விவாதம் அல்ல. செம்புக் கணக்கு.

உடல் பற்றிய விவாதம் வேறோர் இடத்தில் நடந்தது, அதுவும் வக்கிரமாக. மாறுமின்சாரம் கொல்லும் மின்சாரம் என்று நிறுவ எடிசன் தரப்பு பாடுபட்ட ஆண்டுகளில்தான் மின்நாற்காலி வந்தது. 1890 ஆகஸ்ட் 6 அன்று ஆபர்ன் சிறையில் வில்லியம் கெம்லர் என்பவரை அதில் உட்காரவைத்துக் கொன்றார்கள். பயன்படுத்தியது போட்டியாளரான வெஸ்டிங்ஹவுஸின் ஜெனரேட்டர். வணிகப் போட்டியில் ஒரு மனித உடல் சாட்சிப் பொருளாக்கப்பட்டது. மின்சார வரலாற்றை 'அறிவியல் வளர்ச்சி' என்று பாடநூல் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த நாற்காலி ஞாபகம் வருகிறது.

பிரிட்டனின் கதை தமாஷானது. முதல் உலகப்போருக்கு முந்தைய லண்டன் நகரில் மட்டும் 10 வகை அலைவெண்களும் 24 வகை விநியோக அழுத்தங்களும் இருந்ததாக தாமஸ் ஹியூஸ் 1983இல் வெளியான 'நெட்வொர்க்ஸ் ஆஃப் பவர்' நூலில் கணக்குத் தருகிறார். ஒரு தெருவில் எரிந்த பல்பு அடுத்த தெருவில் எரியாது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே தேசியப் பின்னல் உருவாகி, கடைசியில் 240இல் வந்து நின்றது. ஐரோப்பியக் கண்டம் 220, தீவு 240. இதை ஒன்றாக்க 1995இல் பிரிட்டன் 230க்கு 'மாறியது'. எப்படி மாறியது? மாறவேயில்லை. 230க்கு மேலே 10 சதவீதம், கீழே 6 சதவீதம் என்று எல்லை வகுத்தார்கள். பழைய 240 அந்த எல்லைக்குள் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. சுவரிலிருந்து வருவது பழையபடியேதான். தரப்படுத்தல் என்பது பொருளின் மேல் நடக்கும் செயல் மட்டுமல்ல, காகிதத்தின் மேலும் நடக்கும் செயல் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்குக் காகிதம் படிக்கத் தெரியாது. 220க்கென்று சுற்றிய பழைய ஜெர்மன் ஆம்ப்ளிஃபயர் லண்டனில் இன்றும் சூடாகிறது.

ஜப்பானில் 1890களில் தோக்கியோக்காரர்கள் ஜெர்மனியின் ஏ.இ.ஜி. ஜெனரேட்டரை வாங்கினார்கள், 50 சைக்கிள். ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிடம் வாங்கினார்கள், 60 சைக்கிள். இரண்டு கொள்முதல் ஆர்டர்கள் ஒரு நாட்டை நெடுக்காகப் பிளந்துவிட்டன. 2011இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் கிழக்கு ஜப்பான் மின்சாரமின்றித் தவித்தபோது, மேற்கு ஜப்பானால் ஓரளவுக்குமேல் கொடுத்து உதவ முடியவில்லை. அலைவெண்ணை மாற்றித் தரும் நிலையங்களின் கொள்ளளவு அவ்வளவுதான்.

அலைவெண் என்றதும் இசைக்காரர்களுக்கு ஒரு செய்தி. அழுத்தத்தை டிரான்ஸ்ஃபார்மரால் ஏற்றலாம், இறக்கலாம். சைக்கிளை அது தொடாது. 1935இல் வெளிவந்த ஹேமண்ட் ஆர்கனை எடுத்துக்கொள்ளுங்கள். லாரன்ஸ் ஹேமண்ட் அடிப்படையில் மின்கடிகாரம் செய்தவர். கடிகாரத்தை ஓட்டிய அதே வகை மோட்டாரைத்தான் ஆர்கனின் பல்சக்கரங்களைச் சுழற்றவும் வைத்தார். மின்சாரத்தின் சைக்கிள் எவ்வளவோ அவ்வளவு வேகம். 60 சைக்கிளுக்குச் செய்த ஆர்கனை 50 சைக்கிள் ஊரில் செருகினால், வோல்ட்டைச் சரியாகக் கொடுத்தாலும், சுருதி 6க்கு 5 என்ற விகிதத்தில் இறங்கிவிடும். நம் கணக்கில் சொன்னால் சட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள தூரம் அது. ஆதார சுருதியையே மின்நிலையம் தீர்மானிக்கிறது! ஆம்ப்ளிஃபயரில் சுருதி மாறாது. ஆனால் 60 சைக்கிளுக்கென்று கணக்காக, கஞ்சத்தனமாகச் செய்த டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கருவில், 50 சைக்கிளில் காந்தப்பாய்வு 20 சதவீதம் கூடும். மணிக்கணக்கில் வாசித்தால் கை வைக்க முடியாத சூடு. '110 குடுத்துட்டோம்ல, அப்புறம் ஏன் சுடுது' என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

நேராகவே செருகிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 117 வோல்ட் வால்வு ஆம்ப்ளிஃபயர் 230ஐ வாங்கினால் உள்ளே எல்லாமே இரட்டிக்கப் பார்க்கும். 6.3 வோல்ட் கேட்கும் வால்வின் இழைக்கு 12க்கு மேல் போகும். 400 இருக்க வேண்டிய உயரழுத்தம் 800ஐ நோக்கி ஓடும். 450, 500க்கென்று செய்த கண்டன்சர்கள் வெடிக்கும். அதற்குள் இரும்புக் கரு நிறைந்துபோய் மின்னோட்டம் எகிறி ஃபியூஸ் போய்விட்டால் அதிர்ஷ்டம். ஃபியூஸுக்குப் பதில் யாரோ ஒருவர் எப்போதோ செம்புக் கம்பி சுற்றிவைத்திருந்தால் கதை முடிந்தது.

இனி, அழுத்த வேறுபாடு இசையை என்ன செய்தது என்பதற்கு வருவோம். போருக்குப் பின் பிரிட்டனிடம் டாலர் இல்லை. 1950களின் பெரும்பகுதியில் அமெரிக்க இசைக்கருவிகளை இறக்குமதி செய்யத் தடை இருந்தது. 1959இல்தான் அது தளர்ந்தது. அந்த ஆண்டு கிளிஃப் ரிச்சர்ட் தன் குழுவின் ஹேங்க் மார்வினுக்காக அமெரிக்காவிலிருந்து ஒரு ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரை வரவழைத்தார் என்பது ஒரு தேசியச் செய்திபோல இன்றும் சொல்லப்படுகிறது. தடை போன பிறகும் விலை இருந்தது. கப்பல் கூலி, சுங்கம், போதாததற்கு மின்னழுத்தம் வேறு. மேற்கு லண்டனின் ஹேன்வெல் பகுதியில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலிடம் இளைஞர்கள் வந்து புலம்பினார்கள். 1962இல் அவரும், பழுதுபார்ப்பவரான கென் பிரானும், டட்லி கிரேவன் என்ற இளைஞரும் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்ளிஃபயரின் சுற்றைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு பெட்டி செய்தார்கள். பின்னாளில் அதற்கு ஜே.டி.எம். 45 என்று பெயர்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், சுற்று அமெரிக்கர்களுடையது, சாமான்கள் பிரிட்டனுடையவை. டிரான்ஸ்ஃபார்மர் ரேடியோஸ்பேர்ஸ் என்ற உள்ளூர் உதிரிப்பாக நிறுவனத்தில் கிடைத்தது, பிரிட்டிஷ் மின்னழுத்தத்துக்கானது. வால்வுகள் விரைவிலேயே உள்ளூர் கே.டி.66 ஆயின. ஒலிபெருக்கி நான்கு 10 அங்குலத்திலிருந்து நான்கு 12 அங்குலமானது, செலஸ்டியன் செய்தது, பெட்டியின் முதுகு மூடப்பட்டது. விளைவு ஃபெண்டர் அல்ல. தடித்த, சீக்கிரம் கரகரக்கிற இன்னொரு குரல். 1960களின் ராக் இசை அந்தக் குரலில்தான் பேசியது. மின்னழுத்தம் மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அன்னியச் செலாவணி, சுங்கம், கூலி, கையருகே கிடைத்த சாமான் எல்லாம் சேர்ந்த கலவை அது. ஆனால் மேதையின் அகத்தூண்டல் என்ற சொல்லாடலுக்கு அதில் அதிக இடமில்லை என்பது நிச்சயம்.

பெட்டி பிறகு எதிர்த்திசையில் பயணம் போனது. எடி வான் ஹேலனின் குடும்பம் 1962இல் நெதர்லாந்திலிருந்து கலிஃபோர்னியாவின் பாசடேனாவுக்குக் குடியேறியது. அப்பா டச்சு இசைக்கலைஞர், அம்மா ஜாவாவில் பிறந்த கலப்பினப் பெண். காலனியம் துரத்திய குடும்பம். எடி பின்னாளில் பேட்டிகளில் சொன்னது இது: இரண்டாவதாக வாங்கிய மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் ஐரோப்பிய அழுத்தத்துக்கு அமைக்கப்பட்டிருந்தது அவருக்குத் தெரியாது. செருகினார், சத்தமே இல்லை. போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பிறகு வந்து பார்த்தால், முழுவதும் திருப்பி வைத்த ஆம்ப்ளிஃபயரின் அதே கரகரப்பு மிக மெல்லிய ஒலியில் கேட்டது. குறைந்த அழுத்தத்தில் வால்வுகள் வேறுமாதிரி மூச்சுவிடுகின்றன என்று பிடித்துக்கொண்டார். முதலில் வீட்டு விளக்கின் டிம்மரை இணைத்து ஃபியூஸைப் போக்கினார். பிறகு வேரியாக் வாங்கினார், நம்மூர் பரிசோதனைக் கூடங்களில் டிம்மர்ஸ்டாட் என்பார்களே அது. 120ஐ 90 சுமாருக்கு இறக்கி வாசித்த அந்த ஒலியைக் கிட்டார் உலகம் 'பழுப்பு ஒலி' என்று கொண்டாடுகிறது. பம்புசெட்டெல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் ஊர்களில் கோடைகாலக் கச்சேரிக்கு 170 வோல்ட் வந்து மைக்செட்டின் குரல் கம்மும்போது, அதை யாரும் அழகியல் என்று சொல்வதில்லை. 'லோ வோல்டேஜ்' என்கிறோம். தேர்ந்துகொண்ட குறைபாடு பாணியாகிறது, திணிக்கப்பட்ட குறைபாடு குறைபாடாகவே இருக்கிறது.

இந்த இடத்தில் நண்பர்கள் சிலரோடு முரண்பட வேண்டியிருக்கிறது. எல்லைகளில்தான் புதியது பிறக்கிறது, கலப்பே படைப்பு என்ற வாசகங்கள் நம்மிடையே மலிந்துவிட்டன. மார்ஷல், வான் ஹேலன் இரண்டையும் அதற்குச் சான்றாகக் காட்டிவிடலாம், சுலபம். ஆனால் எல்லையில் நிற்பது கருத்தாக்கம் அல்ல, ஓர் உடல். கிட்டாரின் உலோகக் கம்பிகள், இரைச்சலைத் தடுப்பதற்காக, ஒயர் வழியே ஆம்ப்ளிஃபயரின் சேஸிஸோடு இணைக்கப்பட்டவை. கிட்டார் வாசிப்பவர் சேஸிஸைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். அவர் உதடு தொடும் மைக் இன்னொரு பெட்டியின் எர்த்தோடு இணைந்தது. இரண்டில் ஒன்று பிசகினால் சுற்றைப் பூர்த்திசெய்வது அவர்தான். 1972 மே 3 அன்று ஸ்வான்சீ நகர மேடையில் 'ஸ்டோன் த குரோஸ்' குழுவின் லெஸ்லி ஹார்வி மின்சாரம் தாக்கி இறந்தார், வயது 27. மைக்கைத் தொட்டார், அவ்வளவுதான். 1976 மே மாதத்தில் 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவில் பாடியிருந்த கீத் ரெல்ஃப் தன் வீட்டிலேயே மின்கிட்டாரோடு இறந்தார், வயது 33. இவர்கள் இறக்குமதிப் பெட்டியால் இறந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. 240 வோல்ட் நாட்டில் எர்த் பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன். அழுத்தம் கூடக்கூட உடலின் தடையும் குறையும். ஆகவே 120க்கும் 240க்கும் உள்ள வித்தியாசம் உடலைப் பொறுத்தவரை இரண்டு மடங்கு அல்ல, அதற்கும் மேல்.

பழைய அமெரிக்கப் பெட்டிகளில் எர்த்தே கிடையாது. 1960களின் பிற்பகுதி வரையில் பெரும்பாலானவை இரண்டு பின் பிளக். இரைச்சலைக் குறைக்க, மின்கம்பிகளில் ஒன்றிலிருந்து சேஸிஸுக்கு ஒரு சிறு கண்டன்சரைப் போட்டிருப்பார்கள். பழுதுபார்ப்பவர்கள் அதற்கு வைத்த பெயர் 'மரண கண்டன்சர்'. 0.047 மைக்ரோஃபாரட் என்றால் 120 வோல்ட்டில் அதன் வழியே 2 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசியும், சுருக்கென்று இருக்கும். அது ஷார்ட் ஆகிவிட்டால் மொத்த மின்னழுத்தமும் சேஸிஸில். இதைவிட மோசமானவை மாணவர்களுக்கென்று விற்ற மலிவுப் பெட்டிகள். விலையைக் குறைக்க அவற்றில் மின்டிரான்ஸ்ஃபார்மரையே எடுத்துவிட்டார்கள். இழைக்கு 12, 35, 50 வோல்ட் கேட்கும் வால்வுகளை வரிசையாகக் கோத்து, கூட்டுத்தொகை ஏறத்தாழ மின்னழுத்தத்துக்குச் சமமாகும்படி செய்து, நேராகச் சுவரோடு இணைத்துவிட்டார்கள். இவற்றுக்கும் ஒரு பெயர் உண்டு, 'விதவையாக்கி'. விலை உயர்ந்த பெட்டிக்குப் பாதுகாப்பு, முதல் கிட்டார் வாங்கும் பையனுக்கு அது.

இவை 230 வோல்ட் நாட்டுக்கு வரும்போது 'டிரான்ஸ்ஃபார்மர் போட்டாச் சரி' என்பது எவ்வளவு சரி? கடையில் மலிவாகக் கிடைக்கும் ஸ்டெப்-டவுன் பெட்டிகளில் பெரும்பாலானவை ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். ஒரே சுற்று, நடுவில் ஒரு கிளை. உள்ளே வரும் கம்பிகளில் ஒன்று அப்படியே வெளியேயும் போகிறது. அந்தப் பொதுக்கம்பி நியூட்ரலாக இருந்தால் வெளியே பூஜ்யமும் 115உம். பிளக்கைத் திருப்பிச் செருகிவிட்டால் பொதுக்கம்பி ஃபேஸ் ஆகிவிடும். அப்போதும் இரண்டு கம்பிகளுக்கு இடையே மீட்டர் 115தான் காட்டும், ஆம்ப்ளிஃபயரும் நன்றாகவே பாடும். ஆனால் தரையோடு ஒப்பிட்டால் ஒரு கம்பியில் 115, இன்னொன்றில் 230. எது மரண கண்டன்சரின் பக்கம் இருக்கிறது என்பது அன்றைக்குப் பிளக்கை எப்படிச் செருகினோம் என்பதைப் பொறுத்தது.

தென்மாவட்டத்தில் ஒரு தேவாலயத் திருவிழா மேடையில் இதை நேரில் பார்த்தேன். மெல்லிசைக் குழுவின் கிட்டார் பையனுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். 'அண்ணே, மைக்குல வாய் வச்சா உதட்டுல சுள்ளுன்னு அடிக்குதுண்ணே' என்றான். மைக்செட்காரர் அனுபவஸ்தர். 'செருப்பு போட்டுட்டு நில்லு தம்பி' என்றார். பீடத்துக்கு எதிரில் செருப்போடு நிற்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் தடுத்தார். கோயில் மேடையானாலும் இதே பேச்சுதான் வந்திருக்கும். புனிதம் பாதத்திலிருந்து தொடங்குகிறது, எர்த்தும் பாதத்திலிருந்துதான். மைக்செட்காரர் வாதம் செய்யவில்லை. ஒரு மரப்பலகையை எடுத்துப் பையனின் காலடியில் போட்டார், அது செருப்பில்லையே. பிறகு டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பின் பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகினார். 'இப்ப பாடு.' பாடினான். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றை அவர் வரைந்து காட்ட மாட்டார். ஆனால் பொதுக்கம்பி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கையறிவை எந்தத் தர நிர்ணயக் குழுவும் கேட்டு எழுதிக்கொள்வதில்லை.

சுவரில் இருந்தது மூன்று துளை. நமக்கு வாய்த்த உருண்டைப் பின் பிளக் பிரிட்டிஷ் தர எண் 546இன் வாரிசு. பிரிட்டன் 1947இல் அதை விட்டுவிட்டு, உள்ளேயே ஃபியூஸ் வைத்த சதுரப்பின் பிளக்குக்குப் போகத் தொடங்கியது. ஆண்டு தற்செயல்தான், ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. அவர்கள் விட்டுப்போன மூன்றாவது துளையில் எர்த் வருகிறதா என்பது வேறு கேள்வி. தற்காலிக மேடைகளில் அங்கே பெரும்பாலும் காலிக் காற்றுதான்.

இன்றைய கீபோர்டு அடாப்டர்கள் 100 முதல் 240 வரை, 50ஓ 60ஓ எதுவானாலும் தாமே பார்த்துக்கொள்கின்றன. வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் அது இன்னும் அரிது. டொரொன்டோவிலோ நியூஜெர்சியிலோ வாங்கிய பெட்டியோடு ஊருக்கு வருகிறவர்கள் இன்றும் டிரான்ஸ்ஃபார்மர் கடைக்குப் போகிறார்கள். அங்கே கேட்க வேண்டியது வாட் எவ்வளவு என்பதோடு நிற்பதில்லை. தனித்தனி சுற்றுகள் கொண்ட தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரா என்று கேட்க வேண்டும். அது கனமாக இருக்கும், விலையும் கூடும், காரணம் மறுபடியும் செம்புதான். 50 சைக்கிளுக்குச் சுற்றியதா என்று கேட்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் முதுகைத் திறந்து, அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு அந்தக் கண்டன்சரை வெட்டி எறிந்து, மூன்று கம்பி ஒயர் போட்டு, பச்சைக் கம்பியைச் சேஸிஸில் திருகி இறுக்க வேண்டும். விதவையாக்கி வகையென்றால் பெட்டிக்குள்ளேயே ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரை உட்கார வைக்காமல் கிட்டாரைச் செருகவே கூடாது. பிறகு சுவருக்கு வந்து, மூன்றாவது துளையில் டெஸ்ட் லாம்பின் ஒரு முனையையும் ஃபேஸில் மறு முனையையும் வைத்துப் பார்க்க வேண்டும், விளக்கு எரிகிறதா என்று.